விஷக் குப்பை மேட்டில் மின்சாரம்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே கியோர்க்ஸ்வெர்டர் என்ற பகுதியில் 40 மீட்டர் உயரமான ஒரு குன்று உண்டு. அது கல்லும் மண்ணும் சேர்ந்த குன்று அல்ல. குப்பைக் குன்று!

இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டிடங்களின் இடிபாடுகளை முதலில் அங்கே கொட்டினார்கள். பிறகு வீட்டுக் குப்பை வந்தது. தொழிற்சாலைகளின் விஷக் கழிவும் வந்து சேர்ந்தது. 1979-ல் குப்பை கொட்டுவது நின்றது.

ஆனால் ஆபத்து நிற்கவில்லை! 1983-ல் குன்றிலிருந்து கசிந்த கழிவில் டையாக்சின் என்ற கொடிய விஷம் இருப்பது தெரிந்தது. மக்கள் திடுக்கிட்டார்கள்.

மழை நீர் உள்ளே இறங்காதபடி குன்றின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்கள். அதன் மேல் நல்ல மண்ணைப் பரப்பினார்கள்.

அங்கே வீடு கட்ட முடியாது. பயிர் செய்யவும் முடியாது. ஆனால் வெயிலுக்கு விஷம் ஏது? தெற்குச் சரிவில் சூரிய ஒளித் தகடுகளை அமைத்தார்கள். உச்சியில் காற்றாலைகள் சுழல்கின்றன. இவை சுமார் 4,000 வீடுகளுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகின்றன. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த குன்று, 2013-ல் மக்களுக்குத் திறந்து விடப்பட்டது.

ஆனாலும் அடியில் விஷம் அப்படியே இருக்கிறது. கசியும் நீரை இன்றும் பிடித்துச் சுத்தம் செய்கிறார்கள். தாத்தா கொட்டிய குப்பைக்குப் பேரன் காவல் இருக்கிறான்!