ஒத்திகைக்கு வந்த நிஜம்

இன்றைய நாவல்களைப் படிக்க பிரெஞ்சுத் தத்துவம் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தத்துவவாதிகளே இலக்கியம் படித்துவிட்டுத்தான் தத்துவம் எழுத உட்கார்ந்தார்கள். மிஷெல் ஃபூக்கோ 1966இல் வெளியிட்ட ‘சொற்களும் பொருட்களும்’ நூலின் முன்னுரையில், அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் ஒரு பத்தியைப் படித்துச் சிரித்ததிலிருந்தே இந்த நூல் பிறந்தது என்கிறார்.

ழான் போத்ரியாரும் அப்படித்தான். 1981இல் வந்த அவருடைய முக்கியமான நூல் போர்ஹெஸின் குட்டிக் கதை ஒன்றோடு தொடங்குகிறது. ஒரு பேரரசின் வரைபடக்காரர்கள் நாட்டின் அளவுக்கே வரைபடம் போடுகிறார்கள். பிற்காலத்தவருக்கு அது பயன்படவில்லை. வெயிலிலும் குளிர்காலங்களிலும் கிழிந்துபோகிறது. போத்ரியார் இதைத் தலைகீழாக்குகிறார்: நம் காலத்தில் வரைபடம் முழுசாக இருக்கிறது, கிழிந்து கிடப்பது நாடுதான். அதாவது விளம்பரமும் தொலைக்காட்சியும் காட்டும் பிம்பம் முந்திக்கொள்கிறது. நிஜம் அதன் பின்னால் ஓடுகிறது.

நூலில் இது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். அமெரிக்கரான டான் டெலில்லோவின் ‘ஒயிட் நாய்ஸ்’ (1985) நாவலில் அப்படித் தோன்றாது. அதில் இரண்டு பேராசிரியர்கள், அமெரிக்காவிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட தானியக் கொட்டகையைப் பார்க்கப் போகிறார்கள். வழியெல்லாம் அறிவிப்புப் பலகைகள். அங்கே ஒரு கூட்டம் கேமராவோடு நிற்கிறது. ஒருவர் அஞ்சலட்டை விற்கிறார். அந்தப் பலகைகளைப் பார்த்த பிறகு கொட்டகையைப் பார்க்கவே முடியாது என்கிறார் பேராசிரியர்களில் ஒருவர். எல்லோரும் எடுப்பது, ஏற்கெனவே எடுத்த படங்களின் படத்தைத்தான்.

பிறகு ரயில் விபத்தில் நச்சுப்புகை கிளம்பி ஊரே வெளியேறுகிறது. மக்களை வெளியேற்றும் பணியில் இருக்கும் ஒருவர், பேரிடர் ஒத்திகை நடத்தும் அமைப்பைச் சேர்ந்தவர். இந்த நிஜ விபத்தை வைத்து வரப்போகும் ஒத்திகைக்குப் பயிற்சி எடுக்கிறோம் என்கிறார். பாதிக்கப்பட்டவர்கள் ஒத்திகைக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கவில்லை என்று குறை வேறு! சிரிப்பு வருகிறது, கூடவே பயமும்.

போத்ரியார் ஒரு நூல் முழுக்க வாதாடுவதை டெலில்லோ ஓர் ஊழியரின் புலம்பலில் முடித்துவிடுகிறார். தத்துவத்துக்கு உதாரணம் தேடி எழுதிய நாவல் என்றால் இந்தச் சிரிப்பு வந்திருக்காது. எனவே முதலில் நாவலைப் படியுங்கள். போத்ரியார் அதற்குப் பிறகு எளிதாகப் புரிவார்.