சமையலறைக்கு வந்த கணினி

பினாங்கு சூலியா தெருவின் பழைய புத்தகக் கடைகளில் 1980களின் கணினி இதழ் ஏதாவது அகப்பட்டால், கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். வீட்டில் யாருமே கேட்டிராத ஒரு பொருளை வீட்டுக்கு இன்றியமையாததாக்க அந்தப் பக்கங்கள் பட்ட பாடு தெரியும்.

அந்தப் பாடு 1969இலேயே தொடங்கிவிட்டது. நெய்மன் மார்கஸ் என்ற அமெரிக்க அங்காடி, ஹனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணினியை 10,600 டாலருக்கு விளம்பரம் செய்தது. காய் நறுக்கும் பலகையும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆனால் சமையல் குறிப்பு கேட்க, இல்லத்தரசி இரண்டு வாரம் நிரல் எழுதப் பயில வேண்டும். ஒன்றுகூட விற்றதாகச் சான்று இல்லை. 1977இல் ஆப்பிள் II விளம்பரத்திலும் சமையலறைதான். கணவர் மேசையில் கணினியோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வேலையாக நிற்கும் மனைவி திரும்பிப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

குடும்பங்கள் உண்மையிலேயே வாங்கத் தொடங்கியது கமடோர் நிறுவனத்தின் விக்-20 போன்ற கணினிகள் வந்த பிறகு. விலை 300 டாலருக்குள். கமடோர் 1976லேயே மாஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தை வாங்கியிருந்ததால், சில்லுகளைத் தானே செய்துகொண்டது. திரைக்குத் தனிச் செலவில்லை, வீட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் போதும். நிரல்களைச் சேமிக்கப் பாட்டு கேட்கும் அதே ஒலிநாடா. இயக்கியதும் நீல எழுத்தில் ஒரு வரி தெரியும்: 3583 பைட்டுகள் காலி. நம் பயன்பாட்டுக்கு மிஞ்சிய நினைவகம் அவ்வளவுதான். தட்டச்சில் இரண்டு பக்கம் கொள்ளும். திரையின் ஒரு வரியில் 22 எழுத்துகள். வீட்டுக் கணக்கையும் சமையல் குறிப்பையும் இதில் வைத்துக்கொள்ளலாம் என்றால் யார் நம்புவார்கள்?

எனவே கமடோர் பெற்றோரின் அச்சத்தைத் தொட்டது. ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் தொலைக்காட்சியில் தோன்றி, வெறும் வீடியோ கேம் எதற்கு, கணினியே வாங்கலாமே என்றார். மற்றொரு விளம்பரத்தில் மகனைக் கல்லூரிக்கு ரயிலேற்றி அனுப்புகிறார்கள். அவன் தோற்றுப்போய்த் திரும்பி வருகிறான். பிள்ளையின் எதிர்காலத்தைக் காட்டி மிரட்டிய அந்த விளம்பரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. விக்-20 பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கமடோருடனான விலைப்போரில் தாக்குப்பிடிக்க முடியாமல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினி வணிகத்தையே கைவிட்டது.

ஐபிஎம்மின் வீட்டுக் கணினியான பிசி ஜூனியரின் விளம்பரத்திலோ சார்லி சாப்ளின் வேடம். அந்தக் கணினிக்குள் இருந்தது இன்டெல் 8088 சில்லு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் திறந்தது பினாங்கில்தான், சூலியா தெருவுக்குத் தெற்கே பாயான் லெப்பாசில். 1975இல் அது தீக்கிரையானது, மீண்டும் எழுந்தது. அக்காலத்து இன்டெல் சில்லுகள் பலவற்றில் மலேசியாவின் பெயர் அச்சாகியிருக்கும். அத்தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள்தாம். நகத்தளவு சிலிக்கான் துண்டிலிருந்து வெளிக்கால்களுக்கு, தலைமுடியைவிட மெல்லிய பொற்கம்பிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக இணைத்தார்கள்.

விளம்பரப் படங்களில் இவர்கள் யாரும் இல்லை. கணினியின் முன் அப்பாவும் மகனும், பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் அம்மா. அமெரிக்காவில் கணினியியல் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 விழுக்காட்டை எட்டி, பிறகு சரிந்தது. வீட்டுக் கணினியைப் பையன்களின் பொருளாகக் காட்டியதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.