புரோகிராம்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை

கம்ப்யூட்டரில் ஓடும் எந்தப் புரோகிராமும் ஒரே நீண்ட கட்டளைத் தொடராக எழுதப்படுவதில்லை. வர்க்கமூலம் காண்பதற்கு ஒரு பகுதி, எழுத்துக்களைத் திரையில் காட்டுவதற்கு ஒரு பகுதி, கோப்பைத் திறப்பதற்கு ஒரு பகுதி என்று, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே எழுதிவைத்த எண்ணற்ற சிறு பகுதிகள் ஒன்றையொன்று ஏவி, விடையைப் பெற்று, பிறகு தத்தம் காரியத்தைத் தொடர்வதனால்தான் அது நடைபெறுகிறது. இப்பகுதிகளை ஃபங்ஷன் என்பார்கள். ஒரு ஃபங்ஷன் மற்றொன்றை அழைக்கும்போது, கொடுக்கவேண்டிய எண்களை எங்கே வைப்பது, விடையை எங்கே தேடுவது, வேலை முடிந்தபின் எவ்விடத்துக்குத் திரும்புவது, அழைத்த ஃபங்ஷனின் உடைமைகளில் எவற்றைக் கலைக்கலாம், எவற்றைக் கலைக்கலாகாது என்னும் கேள்விகளுக்கு இரு தரப்பும் ஒரே விடையை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். அவ்விடைகளின் தொகுப்பே அழைப்பு மரபு எனப்படுவது. நாம் எழுதும் மொழியை யந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், ஒவ்வோர் அழைப்பிலும் இம்மரபை ஓசையின்றி அனுஷ்டித்து வருகிறது. இதில் பெரும்பகுதி சிலிக்கான் சில்லில் பொறிக்கப்பட்டதன்று. மனிதர்கள் கூடிப் பேசி ஏட்டில் எழுதிய நியமமேயாகும். ஒரு யந்திர வம்சம் நீடித்து வாழ்வதற்கு அதன் வேகம் எவ்வளவு காரணமோ, இந்த ஏட்டின் ஸ்திரத்தன்மையும் அவ்வளவு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆதியில், திரும்பும் வழியே பெரிய பிரச்சினையாக இருந்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1949 மே மாதத்தில் முதன்முதலாக ஓடிய எட்சாக் என்னும் யந்திரத்தில், ஓரிடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை உண்டே தவிர, தாவிய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வரச் சொல்லும் கட்டளை கிடையாது. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் இதற்குக் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. அழைக்கும் புரோகிராம், தான் நிற்கும் இடத்தின் எண்ணை உள்ளடக்கிய கட்டளை ஒன்றையே ஓர் எண்ணாகப் பாவித்துக் கூட்டல் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தாவும். அழைக்கப்பட்ட பகுதி, முதல் வேலையாக, அவ்வெண்ணோடு ஒரு மாறிலியைக் கூட்டி, அதை அழைப்புக்கு அடுத்த வரிக்குத் தாவும் கட்டளையாக மாற்றித் தன் கடைசி வரியில் எழுதிவைத்துவிடும். அதாவது, வீடு திரும்பும் வழியை அப்பகுதி தன் உடலிலேயே ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்கிறது. வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-ல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகத்துக்கு விளக்கிற்று. நூலகத்தில் சேர்த்துவைத்த பகுதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் புரோகிராமில் இணைக்கலாம் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. ஒரு பகுதி தன்னையே மறுபடி அழைக்குமாயின், முதலில் எழுதிய திரும்பும் வழி அழிந்து, இரண்டாவதே எஞ்சும். 1965-ல் வெளிவந்த பி.டி.பி.-8 யந்திரத்தில் திரும்பும் முகவரியை அழைக்கப்பட்ட பகுதியின் முதல் சொல்லிலேயே வன்பொருள் எழுதிவைத்தபடியால், அங்கேயும் இதே குறை இருந்தது. தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன்களை அல்கால் 60 மொழி அனுமதித்ததிலிருந்து, ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு என்னும் அமைப்பு இன்றியமையாததாயிற்று. ஒவ்வோர் அழைப்பின்போதும் அடுக்கின் மேல் ஒரு புதிய பகுதி ஏறுகிறது. திரும்பும்போது அது இறங்குகிறது.

ஆயினும் அடுக்கு ஒன்றே வழி என்று எண்ணலாகாது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்/360 யந்திரங்களில் அடுக்குக்கென்று தனி வன்பொருள் ஏற்பாடு எதுவுமில்லை. 16 ரெஜிஸ்டர்கள், அதாவது புராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு பெட்டிகள், உண்டு. அவற்றுள் 15-ஆவதில் அழைக்கப்படும் பகுதியின் முகவரி, 14-ஆவதில் திரும்பும் முகவரி, ஒன்றாம் எண்ணுள்ளதில் கொடுக்கும் பொருள்களின் முகவரிப் பட்டியல், 13-ஆவதில் அழைத்த பகுதி ஒதுக்கிவைத்த சேமிப்பு இடம் என்று வகுத்தார்கள். அச்சேமிப்பு இடம் 18 சொற்கள், 72 பைட்டுகள் கொண்டது. ஒவ்வொரு சேமிப்பு இடமும் தனக்கு முந்தியதன் முகவரியைத் தாங்கி நின்றபடியால், புரோகிராம் நடுவே நின்றுபோனால், அச்சிட்ட நினைவகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, யார் யாரை அழைத்தார்கள் என்று பின்னோக்கித் தொடர்ந்து போய்க் குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். அறுபது ஆண்டுகள் கடந்தும், அவ்வம்சத்தில் வந்த பெரிய யந்திரங்களில் இச்சங்கிலி இன்னும் வழக்கிலிருக்கிறது. யந்திரம் எத்தனையோ தலைமுறை மாறியும் நியமம் மாறவில்லை. அக்காலத்தில் எழுதிய புரோகிராம்கள் இன்றும் ஓடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இனி ஓர் எளிய உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம். 7, 5 என்னும் இரண்டு எண்களைக் கொடுத்து ஒரு ஃபங்ஷனை அழைக்கிறோம் என்க. சி மொழியைக் கைக்கொண்ட பழைய 32 பிட் இன்டெல் யந்திரத்தில், கம்பைலர் முதலில் 5-ஐயும் பிறகு 7-ஐயும் அடுக்கில் தள்ளும். வலமிருந்து இடமாகத் தள்ளுவது வினோதமாகத் தோன்றினாலும், அதற்குத் தக்க காரணம் இருக்கிறது. அச்சிடும் ஃபங்ஷனைப்போல, எத்தனை பொருள்கள் வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஃபங்ஷன்கள் சி மொழியில் உண்டு. முதல் பொருளைக் கடைசியில் தள்ளினால், மொத்தம் எத்தனை தள்ளியிருந்தாலும், முதல் பொருள் எப்போதும் குறிப்பிட்ட ஓரிடத்தில் கிடைக்கும். அதைப் படித்து மற்றவை எத்தனை, எவ்வகை என்று அறிந்துகொள்ளலாம். எத்தனை தள்ளப்பட்டன என்பது அழைத்த ஃபங்ஷனுக்கே நிச்சயமாகத் தெரியுமாகையால், அடுக்கைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் அதனையே சார்ந்தது. பாஸ்கல் மொழிக்காரர்களோ, பொருள்களின் எண்ணிக்கை நிச்சயமாக இருந்தபடியால், இடமிருந்து வலமாகத் தள்ளி, சுத்தம் செய்வதை அழைக்கப்பட்ட ஃபங்ஷனிடம் ஒப்படைத்தார்கள். அழைக்கும் ஒவ்வோரிடத்திலும் சில பைட்டுகள் மிச்சமாயின. நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் வின்டோஸின் ஆரம்பப் பதிப்புகள் இவ்வழக்கத்தையே மேற்கொண்டன. பின்னால் வந்த 32 பிட் வின்டோஸ், தள்ளும் கிரமத்தை சி மொழியிடமிருந்தும், சுத்தம் செய்யும் முறையைப் பாஸ்கலிடமிருந்தும் எடுத்து ஒரு மூன்றாம் மரபை அமைத்தது. இவற்றுள் ஒன்றை எதிர்பார்க்கும் ஃபங்ஷனை மற்றொன்றின்படி அழைத்தால் அடுக்கு சில பைட்டுகள் இடம் பெயர்ந்துவிடும். பிழை நேர்ந்த இடம் ஒன்றாகவும் புரோகிராம் விழும் இடம் வேறாகவும் இருக்கும். இதைத் தேடிப் பிடிப்பது மிகுந்த பொறுமை வேண்டும் காரியம்.

நினைவகத்தின் வேகம் புராசஸரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற் போனபோது, பொருள்களை அடுக்கில் எழுதி மறுபடி படிப்பது வீண் செலவாயிற்று. ஆகவே புதிய மரபுகள் முதற்சில பொருள்களை ரெஜிஸ்டர்களிலேயே கொடுக்கின்றன. 1985-ல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்த ஆர்ம் வம்சத்தின் 32 பிட் மரபில், நம்முடைய 7 பூஜ்ய எண்ணுள்ள ரெஜிஸ்டரிலும், 5 ஒன்றாம் எண்ணுள்ள ரெஜிஸ்டரிலும் செல்லும். விடை மீண்டும் பூஜ்ய எண்ணுள்ளதில் வரும். திரும்பும் முகவரியும் நினைவகத்துக்குப் போகாமல் 14-ஆவது ரெஜிஸ்டரில் தங்குகிறது; மேற்கொண்டு எவரையும் அழைக்காத ஃபங்ஷன் அதை அங்கேயே விட்டுவைத்துத் திரும்பிவிடலாம்.

ரெஜிஸ்டர்களோ சில, ஃபங்ஷன்களோ பல. அழைத்த ஃபங்ஷன் அவற்றில் தனக்குரிய எண்களை வைத்திருக்கும். அழைக்கப்பட்டதற்கும் அவையே வேண்டும். எல்லாவற்றையும் அழைப்பதற்கு முன்பே பத்திரப்படுத்துவது என்றால், சிறு ஃபங்ஷனை அழைக்கும்போது வீணாக உழைக்க நேரும். எல்லாவற்றையும் அழைக்கப்பட்ட ஃபங்ஷனே பத்திரப்படுத்துவது என்றால், ஒருவரும் விரும்பாத பழைய எண்களையெல்லாம் அது காத்துக்கொண்டிருக்கும். ஆகையால் அநேகமாக எல்லா மரபுகளும் ரெஜிஸ்டர்களை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒரு வகையை யார் வேண்டுமானாலும் கலைக்கலாம். மற்ற வகையையோ, அண்டை வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் துலக்கி வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பதுபோல், உபயோகித்த பின் பழைய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும். கணநேரம் வாழும் எண்ணை முதல் வகையிலும், பல அழைப்புகளைத் தாண்டி வாழவேண்டிய எண்ணை இரண்டாம் வகையிலும் கம்பைலர் இட்டுவிடுகிறது. இந்தப் பாகுபாட்டைப்போல் அழகான ஏற்பாடு இத்துறையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இச்சிக்கலை வன்பொருளாலேயே தீர்த்துவிட முயன்றவர்களும் உண்டு. பெர்க்லி சர்வகலாசாலையின் ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து 1987-ல் சன் நிறுவனம் வெளியிட்ட ஸ்பார்க் அமைப்பில், ஒவ்வோர் அழைப்பின்போதும் ரெஜிஸ்டர்களின் சாளரமே நகர்ந்து, அழைத்த ஃபங்ஷன் வெளியே கொடுத்த எட்டு ரெஜிஸ்டர்கள், அழைக்கப்பட்ட ஃபங்ஷனுக்கு உள்ளே வந்த எட்டாகத் தோன்றும். பத்திரப்படுத்தும் வேலையே இல்லை. ஆனால் சாளரங்கள் தீர்ந்துபோகும் அளவுக்கு அழைப்பு ஆழமாகும்போது, அவற்றை நினைவகத்தில் கொட்ட இயக்கமுறைமையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கம்பைலர்கள் தேர்ச்சி பெறப் பெற, இவ்வளவு வன்பொருளைச் செலவிடுவது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. பெர்க்லியிலேயே 2010-ல் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் அமைப்பு அச்சாளரங்களை மேற்கொள்ளவில்லை.

மரபு என்பது புராசஸரினால் விதிக்கப்படுவதன்று என்பதற்கு இன்றைய 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. யந்திரங்களைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. சில் ஒன்றே, கட்டளைகள் ஒன்றே. ஆயினும் லினக்ஸில் நம்முடைய 7 ஆர்.டி.ஐ. என்னும் ரெஜிஸ்டரிலும் 5 ஆர்.எஸ்.ஐ. என்பதிலும் போகும், வின்டோஸில் 7 ஆர்.சி.எக்ஸ். என்பதிலும் 5 ஆர்.டி.எக்ஸ். என்பதிலும் போகும். லினக்ஸ் ஆறு முழு எண்களை ரெஜிஸ்டர்களில் ஏற்கும். வின்டோஸ் நான்கோடு நிறுத்திக்கொள்ளும். வின்டோஸில் அழைக்கும் ஃபங்ஷன் அடுக்கில் 32 பைட்டுகளை வெற்றிடமாக விட்டுக் கொடுக்க வேண்டும். அழைக்கப்பட்டது தன் நான்கு பொருள்களையும் அதில் இறக்கினால், அவை அடுக்கில் வந்த மற்றவற்றோடு வரிசையாக அமைந்து, எண்ணிக்கை தெரியாத பொருள்களைப் படிப்பது எளிதாகிறது. லினக்ஸில் அதற்கு மாறாக, அடுக்கின் முனைக்கு அப்பாலுள்ள 128 பைட்டுகளை, எவரையும் அழைக்காத ஃபங்ஷன் முனையை நகர்த்தாமலே உபயோகித்துக்கொள்ளலாம். இச்சலுகை சாதாரணப் புரோகிராம்களுக்கு மாத்திரமே. லினக்ஸின் கருவுக்குள் வன்பொருளின் குறுக்கீடு அதே அடுக்கில் எழுதிவிடக்கூடுமாகையால், கருவை இச்சலுகையின்றியே கம்பைல் செய்கிறார்கள்.

வகுத்த மரபை மாற்றுவது எத்தனை பெரும் பிரயாசை என்பதை ஆர்ம் யந்திரங்களின் சரித்திரம் காட்டும். தசம எண்களைக் கணக்கிடும் உறுப்பு இல்லாத சில்களே முதலில் மிகுதியாக இருந்தபடியால், தசம எண்களையும் சாதாரண ரெஜிஸ்டர்களிலேயே கொடுத்து வந்தார்கள். அவ்வுறுப்பு பரவலாக வந்தபின், அதன் ரெஜிஸ்டர்களிலேயே நேராகக் கொடுத்தால் வேகம் கிட்டும் என்பது தெளிவாயிற்று. ஆனால் பழைய மரபில் கம்பைல் செய்த நூலகமும் புதிய மரபில் கம்பைல் செய்த புரோகிராமும் ஒன்றோடொன்று பேச இயலாது. ஆகவே டெபியன் லினக்ஸ் தொகுப்பினர், தம்மிடமிருந்த ஆயிரக்கணக்கான புரோகிராம்களையும் மறுபடி கம்பைல் செய்து, 2013-ல் வந்த ஏழாம் பதிப்பில் அவற்றைத் தனி வகையாகவே வெளியிட நேர்ந்தது.

அபாயம் ஒன்றையும் சொல்லவேண்டும். திரும்பும் முகவரியும் சாதாரண எண்களும் ஒரே அடுக்கில் அருகருகே இருப்பதால், அளவுக்கு மிஞ்சி எழுதும் புரோகிராம் முகவரியையே அழித்துவிடக்கூடும். 1988 நவம்பரில் இன்டர்நெட்டில் பரவிய மாரிஸ் புழு, வாக்ஸ் யந்திரங்களில் 512 பைட்டு இடத்தில் அதற்கு மேற்பட்டதை எழுதி, திரும்பும் வழியைத் தன் வசமாக்கிக்கொண்டது. அன்று முதல் அம்முகவரியைக் காக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி புராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் அமைப்பைச் சேர்ந்தவை. அவ்வமைப்பின் அழைப்பு மரபு யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய சிறிய ஏடு. கம்ப்யூட்டர் பயிலும் மாணவர்கள் அதை ஒரு முறையேனும் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படித்த கையோடு, 7, 5 என்ற இரண்டு எண்களைக் கொடுத்து ஒரு ஃபங்ஷனை அழைக்கும் நான்கு வரிப் புரோகிராமை எழுதி, அழைக்கப்படும் ஃபங்ஷனின் உடலை எழுதாமல் அறிவிப்பை மாத்திரம் வைத்து, ஜி.சி.சி. கம்பைலரிடம் மைனஸ் எஸ் (பெரிய எழுத்து எஸ்) என்னும் குறிப்போடு கொடுத்துப் பாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் யந்திரத்துக்கென்று கேட்டால் ஏ0, ஏ1 என்னும் ரெஜிஸ்டர்களிலும், லினக்ஸ் ஓடும் 64 பிட் இன்டெல் யந்திரமாயின், முழு எண்கள் 32 பிட்டே ஆகையால், ஆர்.டி.ஐ., ஆர்.எஸ்.ஐ. ஆகியவற்றின் கீழ்ப்பாதிகளான இ.டி.ஐ., இ.எஸ்.ஐ. என்பவற்றிலும் அவ்விரண்டு எண்களும் ஏற்றப்படுவதை, அழைப்புக் கட்டளைக்கு நேர்மேலுள்ள வரிகளில் காணலாம்.