வழக்கில் சிக்கிய பிஎஸ்டி, வீட்டுக்குள் வந்த லினக்ஸ்

தான் வேலையைத் தொடங்கியபோது 386பிஎஸ்டி என்ற இயங்குதளம் கையில் கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்தே இருக்காது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் 1993-இல் ஒரு பேட்டியில் சொன்னார். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த அவர் லினக்ஸை அறிவித்தது 1991 ஆகஸ்டில். 386பிஎஸ்டி வந்தது 1992-இல். அதே ஆண்டில் ஏடி&டி-யின் துணை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ், 386பிஎஸ்டிக்கும் அடிப்படையான, பெர்க்லியில் எழுதப்பட்ட யூனிக்ஸான பிஎஸ்டியை விற்றுவந்த பிஎஸ்டிஐ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் அதற்குள் இழுக்கப்பட்டது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று! அதற்குள் வழக்குப் பயம் இல்லாத லினக்ஸ் பக்கம் நிரலாளர்கள் திரண்டுவிட்டார்கள்.

இன்று மடிக்கணினியில் லினக்ஸ், பிஎஸ்டி இரண்டையும் போட்டுப் பார்ப்பவர் காணும் வேறுபாடுகளில் பாதி அந்த வழக்கில் தொடங்கியவை. ஆள் பலம் எங்கே இருக்கிறதோ, வன்பொருள் நிறுவனங்கள் டிரைவர் எழுதித் தருவதும் அங்கேதான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைத் தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினிகளில் பார்த்த மாணவர்கள் உண்டு. பிஎஸ்டியை அப்படித் தற்செயலாகச் சந்திக்க வாய்ப்பே இல்லை. தேடிப் போனால்தான் கிடைக்கும்.

தேடிப் போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? முதலில் ஒழுங்கு. லினக்ஸ் என்பது துல்லியமாகச் சொன்னால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டுமே. அதன்மேல் குனு கருவிகளையும் பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான பொதிகளையும் சேர்த்துத்தான் உபுண்டுவும் ஃபெடோராவும் உருவாகின்றன. பிஎஸ்டி குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் தொகுப்பில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. நாமாகச் சேர்க்கும் மென்பொருள்கள் தனியே வேறொரு கோப்புறைக்குப் போகின்றன. எது இயங்குதளம், எது நாம் போட்டது என்ற குழப்பம் வராது. கையேடும் அதே குழுவின் அக்கறையில் வளர்வதால், அதில் எழுதியிருப்பது திரையில் நடக்கிறது. இந்தச் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் எளிதில் விடுவதில்லை.

அடுத்தது, திரும்பிவர ஒரு வழி. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையை 2008 முதலே ஃப்ரீபிஎஸ்டி தருகிறது. மேம்படுத்துவதற்கு முன்பு அன்றைய நிலையைப் படம்பிடித்து வைத்தால், ஏதாவது உடைந்தாலும் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். ஓபன்சூசே லினக்ஸும் பிடிஆர்எஃப்எஸ் வழியாக இதைச் செய்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவின் கால்கரியிலிருந்து தியோ டி ராட் வழிநடத்தும் இன்னொரு பிஎஸ்டியான ஓபன்பிஎஸ்டி பாதுகாப்பில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் இரண்டுக்கும் கடிவாளம் உண்டு. பதிவிறக்கக் கோப்புறையைத் தவிர உங்கள் சொந்த ஆவணங்களை உலாவியால் பார்க்கவே முடியாது. கெட்ட எண்ணம் கொண்ட ஒரு வலைப்பக்கம் உலாவியைக் கைப்பற்றினாலும் ஆவணங்கள் தப்பும். மேசைக் கணினியின் பாதுகாப்பை இவ்வளவு கறாராக யோசித்தவர்கள் குறைவு. அதே கறார், பராமரிக்க ஆளில்லாத ப்ளூடூத் நிரலை 2014-இல் அடியோடு நீக்கியது. ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக இணைக்க வழியில்லை.

அன்றாட வசதியில் லினக்ஸ் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. கூகுள் தன் குரோமை லினக்ஸுக்கு வெளியிடுகிறது, பிஎஸ்டிக்கு வெளியிடுவதில்லை. 2018-இல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த புரோட்டான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்தது. 2022-இல் வந்த அதன் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியை வழக்கமான முறையில் நிறுவி முடித்தால் வருவது எழுத்துகள் மட்டுமே உள்ள கருப்புத் திரை. வரைகலைச் சூழலைப் பயனரே அமைத்துக்கொள்ள வேண்டும். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான டிரைவர்களும் லினக்ஸிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவையே.

பெரிய தலைவலி வைஃபை. பல இன்டெல் சிப்புகள் நெடுங்காலம் பழைய, மெதுவான வேகத்திலேயே ஓடின. பொறுமை இழந்த சிலர், வைஃபைக்காக மட்டும் ஃப்ரீபிஎஸ்டிக்குள் ஒரு குட்டி லினக்ஸை மெய்நிகர் இயந்திரமாக ஓடவிட்டார்கள். 2024-இல் ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை, குவாண்டம் லீப் ரிசர்ச் நிறுவனத்துடன் சேர்ந்து 7,50,000 டாலர் மதிப்பில் மடிக்கணினித் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2025 ஜூனில் வந்த 14.3 பதிப்பில் வைஃபை வேகம் கூடியது. முப்பது ஆண்டுப் பின்னடைவை ஒரு திட்டம் தீர்த்துவிடாது. ஆனால் உடைக்க வேண்டிய இடத்தில்தான் உடைக்கிறார்கள்.

வேலைக்கு ஒரே ஒரு மடிக்கணினி வைத்திருப்பவர் லினக்ஸோடு இருப்பதே நல்லது. பழைய கணினி ஒன்று சும்மா கிடந்தால், மாட்டே திரைச்சூழலோடு வரும், ஃப்ரீபிஎஸ்டி வழிவந்த கோஸ்ட்பிஎஸ்டியை யுஎஸ்பியில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை சிப்பின் பெயரை மட்டும் முதலில் ஆதரவுப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.