கண்ணுக்கும் காதுக்கும் ஒரு வழக்கு

"படிப்பு என்று சொல்லிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளையாடுகிறாளே!" என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டேன். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகள், விருப்பப் பாடமாக 'வர்ச்சுவல் ரியாலிட்டி'யை எடுத்திருந்தாள். பிழைப்புக்காக மும்பை வந்து, வீட்டுத் தவணையும் கல்லூரிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கும் தகப்பனுக்கு இந்தக் கவலை இயற்கைதானே!

மெய்நிகர் உலகம் என்று இதைத் தமிழில் சொல்கிறார்கள். தலையில் மாட்டும் கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டும். மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணர்கிறது. தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். இப்படி ஒரு கருவியை அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் 1968-லேயே செய்து காட்டினார்.

பாடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள்? பள்ளியில் படித்த மெட்ரிக்ஸ் கணக்குதான் அடிப்படை. பொருளைத் திருப்ப, நகர்த்த, எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். பிறகு 'யூனிட்டி' என்ற மென்பொருளில் காட்சி அமைத்து, 'சி ஷார்ப்' மொழியில் நிரல் எழுத வேண்டும். நொடிக்கு 90 படங்கள் காட்டும் கருவியில், ஒரு படத்தைத் தயாரிக்கக் கிடைப்பது சுமார் 11 மில்லி வினாடிதான்!

ஊரிலிருந்து வந்த பாட்டி தாதர் ரயில் நிலையத்தில் திணறியதைப் பார்த்தவள் மகள். முதியவர்கள் நடைமேடை மாறிப் பழக ஒரு மாய ரயில் நிலையம் அமைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தலையில் கருவியை மாட்டினாள். மூன்றே நிமிடம். "தலை சுற்றுகிறதடி, கழற்று!" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். மதிப்பீட்டுக்குப் பத்து நாளே பாக்கி. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே அப்பா" என்று மகள் முகம் வாடினாள்.

காரணத்தை அவளே பாடத்தில் தேடிப் பிடித்தாள். விசையை அழுத்தினால் காட்சி நகர்கிறது. நடக்கிறோம் என்கிறது கண். நின்ற இடத்தில்தான் நிற்கிறோம் என்கிறது உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு. இந்த வழக்கில்தான் குமட்டல் பிறக்கிறது. தினமும் மாட்டிப் பழகியவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே புதியவரிடம் சோதித்தே தீர வேண்டும். மகள் அந்த நடையை நீக்கி, சுட்டிய இடத்தில் சட்டென்று போய் நிற்கும்படி மாற்றினாள். அடுத்த வாரம் அம்மா சுகமாக மறு நடைமேடை போய்ச் சேர்ந்தாள்.

நான் விளையாட்டு என்று நினைத்தது கணக்கும், உடலியலும், பிறர் உடம்பின்மேல் அக்கறையும் சேர்ந்த படிப்பு. உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டால், விலையுயர்ந்த கருவி வாங்குமுன் கணக்கையும் நிரல் எழுதுவதையும் பழகட்டும். ஆக்குலஸ் நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த ஸ்டீவன் லவால் 2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடத்திய விரிவுரைகள், என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்த மாதம் என் தாயார் வருகிறார். இனி அவர்தான் பரீட்சை அதிகாரி!