கூட்டு ஆராய்ச்சியில் கட்டுரைகளையும் குறிப்புகளையும் பகிர்ந்துகொள்ளும் முறை

விஞ்ஞான ஆராய்ச்சியில் ஒருவர் தனித்து நின்று முடிக்கக்கூடிய பணிகள் குறைந்து வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர், வயல்வெளியில் பணிபுரியும் அலுவலர், கல்லூரி ஆசிரியர் ஆகிய மூவர் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரிப்பது இன்று சாதாரணம். இவர்களுள் ஒருவர் கட்டாக்கிலும், ஒருவர் ஐதராபாத்திலும், மற்றவர் லூதியானாவிலும் இருக்கலாம். மூவரும் படிக்கவேண்டிய கட்டுரைகள் ஒன்றே. அவற்றை மின்னஞ்சல் வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தால், சில வாரங்களில் ஒரே கட்டுரையின் பல பிரதிகள் பல பெயர்களில் சேர்ந்துவிடும். எந்தப் பிரதியில் யார் என்ன குறிப்பு எழுதினார் என்பது தெரியாமற் போகும். இக்குழப்பத்தை நீக்குவதற்கு ஏற்பட்டவையே மேற்கோள் நிர்வாக மென்பொருள்கள்.

இவை வேலை செய்யும் விதத்தை நூலக உதாரணத்தால் எளிதில் விளக்கலாம். நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்கும். ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு முதலிய விவரங்களைக் கொண்ட அட்டை தனிப் பெட்டியில் இருக்கும். அதுபோலவே இம்மென்பொருளிலும் நூற்குறிப்பு ஒன்று, அதனுடன் இணைக்கப்பட்ட கட்டுரைக் கோப்பு மற்றொன்று. அறிக்கை எழுதும்போது மேற்கோள்களையும் இறுதிப் பட்டியலையும் நூற்குறிப்பிலிருந்தே மென்பொருள் அமைத்துத் தருகிறது. ஆகவே நூற்குறிப்பு ஒருமுறை திருத்தமாக அமைந்துவிட்டால், பட்டியலிலும் அது திருத்தமாகவே அமையும்.

இவ்வகையில் பலரும் கையாள்வது ஜோட்டெரோ என்னும் மென்பொருள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இது உருவாக்கப்பெற்று, 2006-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதனை விலையின்றிப் பெறலாம். ஒவ்வொருவருக்கும் உரிய சொந்த நூலகத்தோடு, பலர் சேர்ந்து பயன்படுத்தும் ‘குழு நூலகம்’ ஒன்றையும் இதில் அமைத்துக்கொள்ள இயலும். ஓர் அங்கத்தினர் அதில் சேர்க்கும் கட்டுரை, ஒத்திசைவு நடந்தவுடன் ஏனையோரின் கணினிகளிலும் தோன்றும். இணைய வசதியற்ற கிராமத்திலும் பணியைத் தொடரலாம். இணைப்புக் கிடைத்தபின் மாற்றங்கள் போய்ச் சேரும். அதற்குள் ஒரே நூற்குறிப்பை இருவர் வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால், எதனை வைத்துக்கொள்வது என்று மென்பொருள் கேட்கும்.

குழு நூலகங்கள் மூவகைப்படும். முதலாவது, அங்கத்தினர் மட்டுமே காணக்கூடியது. இரண்டாவது, குழுவின் பக்கம் யாவருக்கும் தெரியும். ஆனால் சேர்வதற்கு அனுமதி தேவை. மூன்றாவது, எவரும் தாமே சேரக்கூடியது. பதிப்புரிமை காரணமாக, இம்மூன்றாம் வகையில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள இயலாது. நூற்குறிப்புகளை மட்டுமே பகிரலாம். கட்டுரைகளைப் பகிர்வதே நோக்கமாயின், முதல் வகையைத் தேர்ந்தெடுப்பதே தக்கது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகத்திற்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள இடமளிக்கிறது. எனினும், விலைக்கு விற்கப்படும் கட்டுரைகளை யாவருக்கும் வழங்க அது உரிமை தருவதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இட அளவையும் முன்கூட்டியே கணக்கிடுதல் நலம். நூற்குறிப்புகளுக்குக் கட்டணமில்லை. கோப்புகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 300 மெகாபைட். ஒரு கட்டுரை 2 மெகாபைட் எனக் கொண்டால், சுமார் 150 கட்டுரைகளே அதில் அடங்கும். குழுவில் யார் கோப்பைச் சேர்த்தாலும், அது குழு உரிமையாளரின் கணக்கிலேயே சேரும். ஆதலால் உரிமையாளர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ செல்லுமுன், உரிமையை வேறோர் அங்கத்தினருக்கு மாற்றிக் கொடுத்துச் செல்வது அவசியம்.

புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறுவது ஓரிடத்தில்தான். சொந்த நூலகத்திலிருந்து ஒரு கட்டுரையைக் குழு நூலகத்திற்கு இழுத்து விட்டால், அங்கே செல்வது ஒரு பிரதி மட்டுமே. அதன்பின் ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றொன்றைச் சென்றடையாது. நெற்பயிரின் குலைநோய் பற்றிய ஒரு கட்டுரையை மேற்கூறிய மூவரும் படிப்பதாகக் கொள்வோம். ‘இச்சோதனை பாசன வயலில் நடத்தப்பட்டது, மானாவாரி நிலத்திற்கு இம்முடிவு பொருந்துமா என்பதை ஆராய வேண்டும்’ என்று ஆசிரியர் தமது சொந்தப் பிரதியில் குறிப்பெழுதுகிறார். மற்ற இருவரும் அதனைக் காண்பதேயில்லை. அறிக்கை அவ்வெச்சரிக்கையின்றியே அச்சேறி, மானாவாரி விவசாயிகளுக்கும் பரிந்துரையாகச் சென்றுவிடுகிறது. கட்டுரையைப் பகிர்ந்தவர்கள் அதன் குறிப்பைப் பகிரவில்லை. அதனால் வரும் நஷ்டமோ விவசாயிக்கு.

ஆகவே கட்டுரையைக் குழுவில் சேர்த்தபின், அதனைக் குழு நூலகத்திலேயே திறந்து படிப்பதும், அங்கேயே குறிப்பெழுதுவதும் விதியாக இருக்கவேண்டும். 2022-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதல், பி.டி.எஃப். கோப்புகளை மென்பொருளுக்குள்ளேயே படித்து, வேண்டிய வரிகளை வண்ணமிட்டுக் குறிக்கலாம். குழு நூலகத்தில் ஒவ்வொரு குறிப்புடனும் அதனை எழுதியவரின் பெயரும் காட்டப்படும்.

மற்றுமோர் எச்சரிக்கை. ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் வைத்துச் சிலர் பகிர முயல்கின்றனர். இதனால் தரவுத்தளம் சிதைந்து, உழைப்பு முழுவதும் வீணாகக்கூடும். ஒத்திசைவு காப்புப் பிரதிக்கு ஈடாகாது. ஒருவர் தவறுதலாக நீக்கியது எல்லோரிடத்தும் நீங்கிவிடும். ஆதலின் குறித்த கால இடைவெளியில் மென்பொருளை மூடிவிட்டு, அக்கோப்புறையின் பிரதியொன்றைத் தனி வட்டில் எடுத்து வைத்தல் வேண்டும்.

பணி தொடங்கும் நாளிலேயே குழுவினர் மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்வது நன்று: நூற்குறிப்புகளைச் சரிபார்ப்பவர் யார், கோப்புகளை நீக்கும் அதிகாரம் யாருக்கு, காப்புப் பிரதி எடுப்பவர் யார் என்பன அவை. இவற்றை எழுதிக் குழு நூலகத்திலேயே முதற் குறிப்பாக வைத்துவிட்டால், பின்னர் வந்து சேரும் அங்கத்தினருக்கும் அதுவே வழிகாட்டியாகும்.