கேட்போர் எழுதிய திறனாய்வு: 'ரோஜா', 'தேவர் மகன்' பாடல்களும் மதுரை வட்டாரமும்

மேலைநாடுகளில் பாப், ராக் இசைத்தொகுப்பு ஒன்று வெளிவந்தால், இதழ் மதிப்புரைகளும் விற்பனைப் பட்டியல்களும் அதன் ஏற்பைப் பதிவுசெய்துவிடும். தமிழில் அவ்விடத்தை நெடுங்காலம் வகித்தது திரைப்பாடல் ஒலிநாடாவே. அதன் ஏற்பை அறிய இதழ்களை மட்டும் புரட்டுவது போதாது. அது ஒலித்த தெருக்களையும் கருத வேண்டும். 1992 ஆகஸ்டில் 'ரோஜா'வும் அக்டோபரில் தீபாவளியையொட்டித் 'தேவர் மகன்' படமும் வெளியாயின. அவ்விரண்டின் பாடல்களையும் மதுரை வட்டாரக் கேட்பு நிலையிலிருந்து இக்கட்டுரை அணுகுகிறது.

நாற்பதாம் தேசியத் திரைப்பட விருதுகளில் இசையமைப்பாளர் விருதுக்கு இவ்விரு படங்களும் மோதின. நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா தம் வாக்கை அறிமுக இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமானுக்கு அளித்தார். 'இஞ்சி இடுப்பழகி' பாடலுக்காக எஸ். ஜானகி சிறந்த பின்னணிப் பாடகி விருது பெற்றார். 2005இல் 'டைம்' இதழ் 'ரோஜா'வைச் சிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாகத் தேர்ந்தது. 1994இல் தேஜஸ்வினி நிரஞ்சனா எழுதிய கட்டுரையோ அப்படத்தின் தேசக் கருத்தாக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. ஒரு சாரார் இசைத்திறனை அளந்தனர். மறுசாரார் அரசியலை அளந்தனர். பாடல் எங்கே, யார் காதில் விழுந்தது என்பது இவற்றின் வினா அன்று.

அக்காலத்து ஒலிப்பதிவுக் கடைகளில் வாடிக்கையாளர் தரும் பட்டியலின்படி வெற்று நாடாவில் பாடல்கள் பதிந்து தரப்பட்டன. பாடல், படத்தின் வரிசையையும் கதைச்சூழலையும் அங்கேயே இழந்தது. பின்னர் அது தேநீர்க்கடை, பேருந்து, காதணி விழா, கோயில் கொடை எனப் பல இடங்களில் ஒலித்தது. விழாக்களில் மரத்திலும் மூங்கிலிலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி அடித்தொனியைப் பெரிதும் விழுங்கிவிடும். மனிதக்குரலையும் உரத்த கருவிகளையுமே தொலைவுக்குக் கடத்தும். விமர்சகர் வியந்த 'ரோஜா'வின் நுண்ணிய ஒலியடுக்குகள் வயற்காட்டைக் கடந்து சென்றிருக்க வாய்ப்பில்லை என்பது என் கணிப்பு. சேர்ந்து பாடத்தக்க கிராமியப் பாட்டுக்கோ அக்கருவி துணையாயிற்று.

இதன் விளைவு 'போற்றிப் பாடடி பெண்ணே' பாடலில் கடுமையாக வெளிப்பட்டது. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, மனோவும் டி.கே.எஸ். கலைவாணனும் பாடிய பாடல் அது. படத்தின் இறுதிக் காட்சி வன்முறையைக் கைவிடச் சொல்கிறது. ஒலிநாடாவில் அவ்விறுதி இல்லை, புகழ்ச்சி மட்டுமே உண்டு. அக்டோபர் இறுதியில் கோரிப்பாளையம் சிலைக்கு மாலையிட்டுப் பசும்பொன் நோக்கிச் செல்லும் வாகனங்களில் அப்பாடல் சாதிப் பெருமிதத்தின் குரலாக ஒலித்தது. அடுத்த தெருவில் வாழ்ந்தோர்க்கு அதே பாடல் ஓர் எல்லைக்கோடு.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த குறியவிழ்ப்புக் கோட்பாடு, செய்தியைப் பெறுவோர் ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்க்கலாம் என்கிறது. ஆயின் கூம்பு ஒலிபெருக்கியின் கீழ் வாழ்பவர் பாடலைத் தேர்ந்தெடுத்தவரும் அல்லர், நிறுத்த வல்லவரும் அல்லர். விரும்பாமல் கேட்பவர் என்னும் இந்நான்காம் நிலைக்கு நம் ஏற்பாய்வுகள் இன்னும் இடம் தரவில்லை. விருதுப் பட்டியலையும் விற்பனையையும் கொண்டு எழுதப்படும் திரையிசை வரலாற்றில் அவர் தோன்றவே வழியில்லை.

அத்தகைய ஒருவரின் மறுமொழி முப்பது ஆண்டுகள் கழித்து, கட்டுரையாக அன்றித் திரைப்படமாக வந்தது. 2023 ஜூனில் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையில், 'தேவர் மகன்' தமக்கு உண்டாக்கிய மனப்போராட்டத்திலிருந்தே தம் படம் பிறந்தது என்றார் மாரி செல்வராஜ். 'தேவர் மகன்' படத்தில் கையிழக்கும் இசக்கியாக நடித்த மதுரைக்காரர் வடிவேலுவே இதில் மாமன்னன். யுகபாரதியின் 'ராசா கண்ணு' பாடலைப் பாடியவரும் அவரே. அதற்கு இசையமைத்தவர், 1992இல் மற்றோர் ஒலிநாடாவுக்கு உரியவராயிருந்த ஏ.ஆர். ரகுமான்.